அடுப்படிக்கும் வந்த ஞானம்: ரமண மகரிஷியின் வாழ்க்கை



நம்ம கூட்டமைப்பு மலரில் சேமிப்பு, கடன், தொழில் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். மனசைப் பற்றியும் ஒரு கட்டுரை இருக்கட்டும் என்று திருவண்ணாமலை ரமண மகரிஷியின் வாழ்க்கையை எழுத வந்திருக்கிறேன். கோவணம் கட்டி, கையில் கமண்டலமும் தடியும் வைத்திருக்கும் அவர் படத்தை நாம் எல்லாரும் பார்த்திருப்போம். அது சாமியார் கதை, வீட்டை விட்டுப் போனவங்களுக்கு உள்ளது, நமக்கு எதுக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அவரிடம் வந்து மனசு ஆறினவர்களில் நிறைய பேர் நம்மைப் போல அடுப்படியில் நின்ற பெண்கள்தான். புருஷனை இழந்தவங்க, பிள்ளையைப் பறிகொடுத்தவங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்க எல்லாரும் அதில் உண்டு.

திருச்சுழியில் பிறந்த பிள்ளை

இப்போதைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற திருச்சுழியில், 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன சமயத்தில் அவர் பிறந்தார். அப்பா சுந்தரம் ஐயர், அந்த ஊர்க் கோர்ட்டில் வழக்கு நடத்தியவர். அம்மா அழகம்மாள். பிள்ளைக்கு வேங்கடராமன் என்று பேர். ஒரு அண்ணன், ஒரு தம்பி, ஒரு தங்கச்சி.

1892-ல் அப்பா இறந்துபோனார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பெரிய பையன்கள் இரண்டு பேரும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். சின்னப் பிள்ளைகள் அம்மாவோடு இருந்தார்கள். வருமானம் கொண்டுவரும் ஆள் போன பிறகு ஒரு குடும்பம் எப்படிச் சிதறும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மதுரையில் வேங்கடராமன் படிப்பில் சுமார்தான். விளையாட்டில் கெட்டி. அசந்து தூங்கினால் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாராம். 1896 ஜூலையில், பதினாறு வயசில், மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது திடீரென்று சாகப் போகிறோம் என்ற பயம் அவரைப் பிடித்தது. உடம்புக்கு ஒரு நோவும் இல்லை. வேறு பையனாக இருந்தால் கத்திக்கொண்டு கீழே ஓடியிருப்பான். அவர் ஓடவில்லை. பிணம் மாதிரி கையைக் காலை நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, இந்த உடம்பு செத்தால் நானும் செத்துப்போவேனா என்று உள்ளுக்குள் விசாரித்துப் பார்த்தார். உடம்பு அழிந்தாலும் அழியாத ஒன்று உள்ளே இருக்கிறது, அதுவே தான் என்று அவருக்குத் தெளிந்தது. சாவு பயம் அன்றோடு போனது, பிறகு திரும்பவே இல்லை.

மூன்று ரூபாயோடு கிளம்பினார்

அதற்குப் பிறகு படிப்பில் மனசு நிற்கவில்லை. 1896 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதிவரச் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தவர், பாதியில் மூடிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த அண்ணன், இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பு எதுக்கு என்ற மாதிரி கடிந்து பேசினார். அது சரிதானே என்று இவருக்குப் பட்டது. அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு என்று சித்தி கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுக் கிளம்பினார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை.

ரயிலில் கொஞ்சம், நடையில் கொஞ்சம், வழியில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய். இப்படிப் போய் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். மொட்டை அடித்துக்கொண்டு, மிச்சக் காசை அய்யங்குளத்தில் வீசிவிட்டு, வேட்டியில் ஒரு கோவணத் துணி கிழித்துக் கட்டிக்கொண்டார். கோயில் ஆயிரங்கால் மண்டபத்திலும், அதற்கடியில் இருட்டான பாதாள லிங்கக் குகையிலும் நினைவில்லாமல் உட்கார்ந்திருந்தார். பூச்சி கடித்துத் தொடையெல்லாம் புண்ணாகியும் அவருக்குத் தெரியவில்லை. ஊர் பையன்கள் கல்லெறிந்தார்கள். சேஷாத்ரி சுவாமிகள்தான் காவலாக நின்றார். பிறகு நல்லவங்க சிலர் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள்.

அம்மாவின் அழுகை

பெத்த வயிறு சும்மா இருக்குமா? பிள்ளை இருக்கிற இடம் இரண்டு வருஷம் கழித்துத்தான் அழகம்மாளுக்குத் தெரிந்தது. 1898 கடைசியில் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தாள். பவழக்குன்றில் பாறை மேல் அழுக்கும் சடையுமாகக் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். தினமும் பலகாரம் செய்துகொண்டுபோய்க் கெஞ்சினாள், அழுதாள். அவர் வாய் திறக்கவில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்தவர் வற்புறுத்த, ஒரு காகிதத்தில் பதில் எழுதிக் கொடுத்தார். அவரவர் விதிப்படி நடப்பது நடந்தே தீரும், அதனால் மௌனமே நல்லது என்பதுதான் அதன் கருத்து. அம்மா வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பினாள்.

இந்த இடத்தைப் படிக்கும்போது நமக்குக் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. பெத்தவளை அழவிட்டுக் கிடைத்த ஞானம் என்ன ஞானம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த அம்மாவுக்கு அவர் என்ன செய்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மலையேறி வந்த பெண்கள்

1899 முதல் 1916 வரை மலை மேல் விரூபாட்ச குகையில் இருந்தார். இந்தக் காலத்தில்தான் பெண்கள் தேடி வந்தார்கள். குகைநமச்சிவாயர் கோயிலில் இருந்த ஒரு ஏழைக் கிழவி மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். கீரைப்பாட்டி என்றுதான் பேர். புல் அறுக்கப் போகிற கூலிக்காரப் பெண்கள், கீழ்ச்சாதி என்று ஊர் ஒதுக்கி வைத்தவங்க, மத்தியான வெயிலில் தாகத்தோடு குகைக்கு வருவார்கள். அவர்களுக்காகக் கஞ்சியும் தண்ணீரும் தயாராக வைத்திருந்து தானே ஊற்றுவார். அவர்கள் குனிய, முதுகிலும் குளிரத் தண்ணீர் ஊற்றுவாராம்.

எச்சம்மாள் கதைதான் என் மனசில் அப்படியே நிற்கிறது. மண்டகொளத்தூர்க்காரி. இருபத்தைந்து வயசு ஆவதற்குள் புருஷன் போனார், ஒரே மகன் போனான், ஒரே மகளும் போனாள். வீட்டில் எந்த மூலையைப் பார்த்தாலும் பிள்ளைகளின் நினைப்பு. கோகர்ணம் வரைக்கும் போய் சாதுக்களுக்குச் சேவை செய்துபார்த்தாள், ஆறவில்லை. திருவண்ணாமலை மலையில் ஒரு இளைய சாமி இருக்கிறார் என்று கேள்விப்பட்டு 1906-ல் வந்தாள். அவர் பேசவில்லை, இவளும் பேசவில்லை. ஒரு மணி நேரம் போல நின்றுகொண்டே இருந்தாள். கிளம்பவே மனசு வரவில்லை. திரும்பி வரும்போது அந்தப் பாரம் இறங்கிப் போயிருந்தது.

அதன்பிறகு அவள் ஊருக்குப் போகாமல் திருவண்ணாமலையிலேயே தங்கி, தினமும் சமைத்து மலைக்கு எடுத்துப்போய் அவருக்கும் அங்கே இருந்தவங்களுக்கும் பரிமாறினாள். 1945-ல் சாகும் வரைக்கும் அந்தச் சேவை நடந்தது. நடுவில் செல்லம்மாள் என்ற பெண்ணை எடுத்து வளர்த்தாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பிறந்த பிள்ளைக்கு ரமணன் என்றே பேர் வைத்தார்கள். அந்தச் செல்லம்மாளும் செத்துப்போனாள். தந்தி வந்தபோது ரமணர் கண்ணில் தண்ணீர் வந்தது. காரியம் முடிந்து அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தபோதும் அழுதார். ஞானி என்றால் கல்லாகிப் போனவர் என்று நாம் நினைக்கிறோம். அழுகிறவளோடு அழவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் யார் என்ற கேள்வி

1902 வாக்கில் ரெவின்யூ ஆபீசில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் வந்து, நான் யார் என்பதில் தொடங்கிப் பல கேள்வி கேட்டார். அப்போது ரமணர் பேசுவதில்லை. பதிலை எழுதியே காட்டினார். அது பின்னால் நான் யார் என்ற சின்னப் புத்தகமாக வந்தது. 1907-ல் காவ்யகண்ட கணபதி முனி என்ற பெரிய சமஸ்கிருதப் பண்டிதர் அவரைக் குருவாக ஏற்று, பகவான் ரமண மகரிஷி என்று பேர் வைத்தார்.

அவர் சொன்ன வழியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மனசில் ஒரு நினைப்பு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரி இப்படிப் பேசிட்டாளே என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் என்ன செய்வோம்? அவள் பேசினதையே திரும்பத் திரும்ப அரைப்போம். ரமணர் அந்த நினைப்பின் பின்னாடி ஓடாமல், இது யாருக்கு வந்தது என்று திரும்பிக் கேட்கச் சொன்னார். எனக்குத்தான் என்று பதில் வரும். அந்த நான் என்கிறது யார், எங்கே இருந்து கிளம்புகிறது என்று கவனிக்கணும். கவனித்தால், வெளியே ஓடின மனசு வந்த வழியே திரும்பி அடங்கும். மறுபடி நினைப்பு வந்தால் மறுபடி இதே கேள்வி. நான் யார், நான் யார் என்று வாயால் மந்திரம் மாதிரி ஜெபிப்பது இல்லை இது. வாய்ப்பாடாகப் பதில் சொல்வதும் இல்லை. தொலைந்த சாவியைத் தேடும்போது எப்படிக் கவனமாகத் தேடுவோமோ அப்படித் தேடுவது.

அப்பளம் சொன்ன பாடம்

திருச்சுழி வீடு கடனுக்குப் போனது, மூத்த மகன் செத்துப்போனான், கடைசி மருமகளும் செத்தாள். ஆதரவில்லாமல் 1916-ல் அழகம்மாள் மலைக்கே வந்துவிட்டாள். இந்தத் தடவை பிள்ளை போகச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் கந்தாஸ்ரமம் என்ற இடத்துக்கு மாறினார்கள். அதுவரைக்கும் பிச்சை எடுத்துச் சாப்பிட்ட கூட்டத்துக்கு அம்மா அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினாள். இன்றைக்கு ஆசிரமத்தில் நடக்கிற சமையலுக்கு முதல் அடுப்பு அவள் போட்டதுதான்.

அம்மா அப்பளம் இட உட்கார்ந்தபோது மகனையும் கூடமாட உதவச் சொன்னாளாம். மகன் உதவவில்லை, அதற்குப் பதிலாக ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அப்பளப் பாட்டு என்று பேர். நம் குழுக்களில் அப்பளம் போட்டு விற்கிற அக்காமார் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளணும். அதில் சொல்லியிருப்பது இதுதான். உடம்பில் வளர்ந்து நிற்கிற நான் என்ற அகந்தை உளுந்து. அதை, நான் யார் என்ற விசாரணை என்கிற திருகையில் போட்டு உடைக்கணும். நல்லவங்க சேர்க்கைதான் பிரண்டைச் சாறு. மன அடக்கம் சீரகம், புலன் அடக்கம் மிளகு, பற்றில்லாமை உப்பு, நல்ல குணம் பெருங்காயம். இதயம் என்கிற உரலில் உள்முக நோக்கு என்கிற உலக்கையால் இடிக்கணும். எல்லாம் சமம் என்ற பலகையில் வைத்து இடணும். கடைசியில் ஞானத் தீயில், பிரம்மம் என்கிற நெய்யில் பொரித்து எடுக்கணும்.

பிரண்டை சேர்த்த அப்பளம் நன்றாகப் பொரியும் என்று நமக்குத் தெரியும். தனியாக உட்கார்ந்து என்னதான் யோசித்தாலும் நல்ல சேர்க்கை இல்லாவிட்டால் மனசும் பொரியாது. பெரிய பண்டிதருக்குச் சொன்ன அதே விஷயத்தை, அம்மாவுக்கு அவள் கையில் இருந்த மாவை வைத்தே சொல்லிவிட்டார். நமக்குப் புரியாது என்று யாரையும் அவர் ஒதுக்கவில்லை.

ஆனால் அம்மா என்று தனிச் சலுகையும் கொடுக்கவில்லை. சில சமயம் அம்மா பேசினால் பதில் சொல்லாமல் மற்றப் பெண்களிடம் பேசுவார். அம்மா கோபித்துக்கொண்டால், எல்லாப் பெண்களுமே தனக்கு அம்மாதான் என்று சொல்வார். முதலில் அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. போகப் போக, என் பிள்ளை என்ற பிடி தளர்ந்தது.

பெண்ணுக்கும் உண்டு

கணபதி முனிவரின் மனைவி விசாலாட்சி அம்மாள் தன் புருஷன் மூலமாக ரமணரிடம் இரண்டு கேள்வி கேட்டார். ஞான வழியில் தடை வந்தால் பெண்ணும் வீட்டைத் துறக்கலாமா என்பது ஒன்று. ஞானம் அடைந்த பெண் இறந்தால் உடம்பை எரிப்பதா, ஞானிகளுக்குச் செய்வது போலப் புதைத்துச் சமாதி வைப்பதா என்பது இன்னொன்று. அந்தக் காலத்தில் ஒரு பெண் இதைக் கேட்டதே பெரிய விஷயம். பக்குவம் இருந்தால் பெண் துறவுக்குத் தடையில்லை, முக்தியில் ஆண் பெண் என்ற வித்தியாசம் இல்லை, அதனால் அப்படிப்பட்ட பெண்ணின் உடம்பையும் சமாதிதான் வைக்கணும் என்று பதில் சொன்னார். இது ரமண கீதை என்ற நூலில் பதிவாகி இருக்கிறது. அந்த உரையாடல் நடந்தது 1917-ல்.

ஐந்து வருஷத்தில் அந்தப் பதிலைத் தன் வீட்டிலேயே நடத்திக்காட்ட வேண்டி வந்தது. 1922 மே 19 அன்று அழகம்மாளுக்கு முடிவு நெருங்கியது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையை அவள் நெஞ்சிலும் இடது கையைத் தலையிலும் வைத்தார். காலையில் வைத்த கையை ராத்திரி எட்டு மணிக்கு அவள் மூச்சு அடங்கின பிறகுதான் எடுத்தார். பவழக்குன்றில் அழவிட்டு அனுப்பின அதே அம்மாவுக்கு, கடைசி நாள் முழுக்க ஒரு அசைவில்லாமல் துணை இருந்தார். அவள் உடம்பை எரிக்கவில்லை. மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். அவரும் பிறகு மலையிலிருந்து இறங்கிவந்து அங்கேயே தங்கிவிட்டார். ரமணாசிரமம் வளர்ந்தது அந்த அம்மாவின் சமாதியைச் சுற்றித்தான். 1949 மார்ச்சில் அங்கே மாத்ருபூதேசுவரர் கோயில் கும்பாபிஷேகம் நடந்தது.

கூடி உட்கார்ந்த கூடம்

ஆசிரமத்தில் ஒரு கூடம். அவர் சோபாவில் இருப்பார், எதிரில் தரையில் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருப்பார்கள். படித்தவர், படிக்காதவர், வெள்ளைக்காரர் எல்லாரும் இருப்பார்கள். பெரும்பாலும் பேச்சே இருக்காது. அந்த மௌனத்தில் மனசு தானாக அடங்கினது என்றுதான் வந்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றும் கிரிவலமும் ஒரு கூட்டுத் தியானம்தான். நிறைமாதக் கர்ப்பிணியான ராணி நடப்பது போல அவ்வளவு மெதுவாக நடக்கணும் என்பார்.

அவர் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டவர் இல்லை. பல வருஷம் விடிகாலை மூன்று, நாலு மணிக்கே அடுப்படிக்கு வந்து காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். சம்பூர்ணம்மாள், சாந்தம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்ற பெண்கள் அங்கே சமைத்தார்கள். புருஷனை இழந்து வாழ்க்கையே முடிந்தது என்று வந்தவர் சம்பூர்ணம்மாள். ரமணர் பக்கத்தில் நின்று சமையலைச் சொல்லிக்கொடுத்தார். கத்தரிக்காய்க் காம்பைக்கூட எறிய விடமாட்டார். கீழே சிந்தின அரிசியைப் பொறுக்கி எடுப்பார். பந்தியில் எல்லாருக்கும் இல்லாத எதையும் தன் இலையில் போட்டால் ஒத்துக்க மாட்டார். சிறு வயசிலேயே விதவையான சூரி நாகம்மாள் என்ற தெலுங்குக்காரம்மா ஆசிரமத்தில் நடந்ததையெல்லாம் தன் அண்ணனுக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதங்கள்தான் இன்றைக்குப் பெரிய புத்தகம்.

எல்லாமே நிறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. பொழுது சாய்ந்தால் பெண்கள் ஆசிரமத்தில் தங்கக்கூடாது என்ற விதி இருந்தது. காலையிலிருந்து சமைத்த பெண்களும் இருட்டும் முன்னே ஊருக்குள் போய்விடணும். இதையும் தெரிந்துகொள்வதுதான் நியாயம்.

1948 கடைசியில் இடது கையில் புற்றுநோய்க் கட்டி வந்தது. நாலு தடவை ஆபரேஷன் செய்தும் குணமாகவில்லை. அவ்வளவு வலியிலும் கடைசி நாள் வரை வந்தவர்களுக்குத் தரிசனம் நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார். 1950 ஏப்ரல் 14 ராத்திரி 8.47-க்கு அமைதியாக மூச்சு அடங்கியது.

நம் குழுவுக்கு என்ன

எங்கள் குழுவில் கொஞ்ச மாசமாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். தீர்மான நோட்டைத் திறப்பதற்கு முன்னாடி ஐந்து நிமிஷம் எல்லாரும் வட்டமாகச் சும்மா உட்காருவது. போனை ஓரமாக வைத்துவிடுவோம். சாமி பேர், மதம் எதுவும் கிடையாது. எல்லா மதத்துச் சகோதரிகளும் இருக்கிறோம். மூச்சைக் கவனிப்போம். கோபமோ துக்கமோ வந்தால், இது யாருக்கு என்று உள்ளே ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்.

ஒரு சகோதரி மூன்று தவணை கட்டவில்லை. அன்றைக்குக் கேட்டே தீரணும், குழுவை விட்டே நீக்கணும் என்று சூடாக வந்தவர்கள் இருந்தார்கள். ஐந்து நிமிஷம் முடிந்து நோட்டைத் திறந்தபோது யாரும் கத்தவில்லை. ஏன் கட்ட முடியலை என்று ஒருத்தர் மெதுவாகக் கேட்டார். அவள் அழுதுகொண்டே வீட்டு நிலவரத்தைச் சொன்னாள். கடன் தள்ளுபடி ஆகவில்லை. தவணையைச் சின்னதாக்கி நாள் நீட்டித் தீர்மானம் எழுதினோம். இப்போது கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளும் குழுவில் இருக்கிறாள், குழுவும் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியே ஆகணும். அடி உதை வாங்கிக்கொண்டு கண்ணை மூடித் தியானம் செய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டில் கொடுமை என்றால் குழுவிடம் சொல்லுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தூக்கமே வரவில்லை, சாகணும் போல இருக்கிறது என்றால் உடனே டாக்டரைப் பாருங்கள். ரமணரே மருந்தும் ஆபரேஷனும் ஏற்றுக்கொண்டவர்தான்.

நாம் காசைச் சேர்த்து வைக்கக் கற்றுக்கொண்டோம். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பைசா சுத்தமாகத் தெரியும். நம்ம மனசில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று பார்க்க வாரத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். எச்சம்மாள் நின்ற அந்த ஒரு மணி நேரத்துக்குச் செலவு ஒன்றும் ஆகவில்லை. நமக்கும் ஆகாது. அடுத்த கூட்டத்திலேயே ஆரம்பித்துப் பாருங்கள்.